துண்டில் கரையைக் கடந்த புயல்

கிழக்கே மேகம் கறுத்துவிட்டது. செல்லத்தாய் அக்காவின் உப்பளத்தில் ஒரு பருவத்து உப்பு முழுக்க அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. லாரி நாளைக்குத்தான் வரும். அதுவரை நனையாமல் காப்பாற்றினால் அக்காவுக்குச் சோறு, இல்லையென்றால் உப்புத் தண்ணீர். மூடுகிற தார்ப்பாய் போன மழையிலேயே கந்தலாகிவிட்டதால், அதைத் தரையில் விரித்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தோம். ஊசியைத் தொடாதவர் ஒருவர்தான். எங்கள் அளத்து மோட்டார் மெக்கானிக் பொன்னுலிங்கம் அண்ணாச்சி. தார்ப்பாயின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு இந்த வீண் வேலை? மழை வராது. ராடாரு எங்கிட்ட சொல்லாம மழையை வர விடுமா?" என்றார்.

"ராடாரு உங்களுக்கு என்ன, அத்தை மகளா?" என்றாள் ஞானப்பூ. அவள் வாய்க்கு இங்கே எல்லாருக்கும் பயம், அண்ணாச்சியைத் தவிர.

"அதுக்கு உசுரு குடுத்தவனே நான்தான் தாயி. மழை எங்க நிக்கு, எங்கிட்டுப் போவுதுன்னு பாக்குத எந்திரம். கட்டடத்து உச்சியில வெள்ளைப் பந்துக்குள்ள ஒரு தட்டு சுத்தும். அது இடி விழுந்து நின்னுபோச்சு. டெல்லியில இருந்து ஆபீசருமாரு வந்தாவ, ஜெர்மன்காரன் வந்தான், கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாவ. கடைசியில பொன்னுலிங்கத்தக் கூப்பிடுன்னுட்டாவ. ஜீப்பு வந்தா நேரமாவும்னு, காத்தைச் சோதிக்க வானத்துல விடுவாவல்லா பலூனு, அதை அனுப்பினாவ. தொங்கிக்கிட்டே போனேன்."

"இந்தத் தொந்தியோடயா?"

"அதனாலதான் தாழப் பறந்துச்சு. இல்லைன்னா சந்திரனுக்குல்லா போயிருப்பேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது போதும் அவருக்கு, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பல்சக்கரப் பெட்டியைத் திறந்தா, ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பல்லுல மாட்டிக்கிட்டுக் கிடக்கு. ரேடியோவுல 'வலுவிழந்தது, வலுவிழந்தது'ன்னு சொல்லுதாவளே, அதெல்லாம் எங்க போவுதுன்னு நினைக்கிய? அங்கதான் போய்ச் சேருது. குறடு போட்டு இழுத்தேன், கொழகொழன்னு வந்துச்சு. அதுக்குப் பின்னால ரெண்டு சூறாவளி கருவாடாக் காஞ்சு கிடந்துச்சு. முறத்துல அள்ளிக் கொட்டினேன்."

செல்லத்தாய் அக்கா வானத்தைப் பார்த்தாள். "காது அங்க இருக்கட்டும், கை ஓடட்டும்" என்றாள். ஓட்டினோம்.

"பேரிங்கு வறண்டு கிடந்துச்சு. கேன்டீன்ல நல்லெண்ணெய் வாங்கி ஊத்தி சுவிட்சைப் போட்டேன். தட்டு சுத்த, பந்து சுத்த, கட்டடமே சுத்த ஆரம்பிச்சிட்டு. கிழக்கு வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போன ஆபீசரு வெளிய வந்தா மேற்க நிக்காரு. இன்னைக்கு வரைக்கும் செருப்பத் தேடுதாரு. ராடாருக்குப் பார்வையும் கூடிட்டு. கொழும்புல ஒருத்தி கொடியில ஈரத்துணி போட்டாலும் திரையில தெரியும். போன வருசம் பெய்ஞ்ச மழை தெரியும். அடுத்த வருசத்து மழை குடையோட வரிசையில நிக்கது தெரியும்."

"மழைக்கு எதுக்கு அண்ணாச்சி குடை?"

"நனையாம வந்து சேரணும்லா" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

காற்று திரும்பிவிட்டது. ஈரவாடை அடித்தது. அவர் மட்டும் நிறுத்தவில்லை.

"பொறவு ஆயுத பூசை வந்துச்சு. எந்திரத்துக்கெல்லாம் பொட்டு வெப்பாவல்லா? ராடாரு தட்டுக்கும் சந்தனத்தை அப்பி, நடுவுல உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமத்தை வெச்சிட்டாவ. மறுநா சுவிட்சைப் போட்டா, செக்கச்செவேல்னு நம்ம ஊருக்கு நேரா ஒரு புயலு. துறைமுகத்துல கூண்டு ஏத்தியாச்சு, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு. வெளிய பாத்தா வெயிலு மண்டையப் பொளக்கு. நான் மேல ஏறி, தோள்ல கிடந்த துண்டை எடுத்து ஒரே துடை. போயிட்டு. அந்தப் புயலு கரையைக் கடந்தது இந்தத் துண்டுலதான், பாத்துக்கிடுங்க."

துண்டை விரித்துக் காட்டினார். நிஜமாகவே ஒரு சிவப்புக் கறை இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"அது வெத்தலைக் கறை" என்றாள் ஞானப்பூ.

"நம்பாட்டிப் போ. இப்பவும் மழை கிளம்பினா எனக்குத்தான் மொதல்ல..."

முதல் துளி அவர் மூக்கில் விழுந்தது.

அடித்துப்பிடித்துத் தார்ப்பாயை இழுத்தோம். நாலு மூலையும் கட்டி நிமிர்ந்து பார்த்தால், அம்பாரத்தின் உச்சியில் வெள்ளையாக உப்பு தெரிகிறது. முழங்கை நீளத்துக்குக் கிழிசல். அண்ணாச்சி உட்கார்ந்திருந்த இடம். அவருக்கு அடியில் யார் ஊசி போட முடியும்?

செல்லத்தாய் அக்காவின் முகம் செத்துவிட்டது. வயிற்றெரிச்சலில் நான் அவரை ஏதாவது கேட்டிருப்பேன். அதற்குள் அக்கா அவர் தோளிலிருந்த துண்டை உருவி அவர் கையிலேயே கொடுத்தாள். "ஏறுங்க அண்ணாச்சி. புயலையே தாங்கின துண்டுதானே."

ஏறினார். துண்டை நாலாக மடித்துக் கிழிசலில் வைத்து, அதன் மேல் தொந்தியோடு உட்கார்ந்தார். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவர் குனிந்து துண்டின் ஓரங்களைக் கிழிசலுக்குள் செருகிக்கொண்டே இருந்தார். தப்பு உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"செல்லத்தாயி" என்று குரல் வந்தது. "ஒரு சொட்டு உள்ள எறங்கல. ராடாரு இப்ப என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். ஊரு பூரா மழை, நடுவுல ஈரமில்லாம ஒரே ஒரு பொட்டு தெரியும். அது நான்தான்."

"நல்லது" என்றாள் அக்கா. "லாரி வருத வரைக்கும் அந்தப் பொட்டு அசையக் கூடாது."