தொட்டாற்சிணுங்கி இலை மூடிய நாள்

செடியும் பறவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தொட்டாற்சிணுங்கிக்கு இலை மூடத் தெரியாது. ஏரிக்கரையில் புதராக மண்டி, இரவும் பகலும் இலை விரித்தபடியே நிற்கும். காடைகளும் கௌதாரிகளும் குஞ்சுகளை அதனடியில் விட்டுவிட்டுத்தான் இரை தேடப் போகும். பருந்தின் கண்ணில் படாமல் மேலே இலை மறைக்கும். சுற்றிலும் முள் காக்கும். எல்லோருக்கும் அது 'அக்கா'.

"என்கிட்ட பேதமே கிடையாது. நிறமெல்லாம் என் கண்ணிலேயே படாது" என்று அக்கா அடிக்கடி சொல்லும். மனதார நம்பித்தான் சொல்லும்.

ஒரு கோடையில் ஏரி வற்றிச் சேறானது. ஒளிந்துகொள்ள நாணல்கூட இல்லாமல், நாமக்கோழி ஒருத்தி இரண்டு குஞ்சுகளோடு கரையேறி வந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். குஞ்சுகளும் அடுப்புக்கரி நிறம்.

"அக்கா, ஏரிக்குத் தண்ணி வர்ற வரைக்கும் பிள்ளைங்களை உங்ககிட்ட விடலாமா?"

"இது என்ன கேள்வி? தாராளமா விடும்மா. ஆனா உள்ளே ஒரே புழுக்கம். தண்ணியில வளர்ந்த பிள்ளைங்க, தாங்காது. இந்த ஓரத்துல காத்தாட இருக்கட்டும்."

ஓரத்தில் இலை அடர்த்தி இல்லை என்பதை நாமக்கோழி பார்க்காமல் இல்லை. இடம் கொடுத்தவர்களிடம் அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

காடைக்குஞ்சுகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தன. "ஏய் கரிச்சட்டி! கிட்ட வராதே, எங்க புள்ளியெல்லாம் கறுத்துடும்!"

இளைய குஞ்சு மைக்குட்டி விடவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்? மண்ணுல புரட்டின கொழுக்கட்டை!"

அக்கா சிரித்தது. "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, மனசுல வச்சுக்காதம்மா" என்றது தாயிடம். பிறகு மைக்குட்டியைப் பார்த்து மட்டும், "உனக்கு இவ்வளவு வாய் ஆகாதுடா" என்றது.

மறுநாள் மத்தியானம் தாய் மூத்த குஞ்சோடு சேற்றில் புழு தேடிக்கொண்டிருந்தாள். புதரோரத்தில் பருந்தின் நிழல் விழுந்தது. "அக்கா!" என்று கத்திக்கொண்டே மைக்குட்டி நடுப்புதருக்கு ஓடினான். அந்தக் கறுப்பு உடம்பு முதல் தடவையாக உள் இலைகளில் உரசியது.

அக்கா எதையும் யோசிக்கவில்லை. உடம்பு கூசியது. காடைகள் புழுதியோடு வந்து உரசும்போது ஒரு நாளும் கூசாத இலைகள், அவன் உரசிய இடத்தில் சட்டென்று மூடிக்கொண்டன.

மறைப்பு விலகி வெயில் கீழே விழுந்தது. அதில் மைக்குட்டி தனியாக நின்றான். பருந்துக்கு அது போதுமாக இருந்தது.

தாய் ஓடி வந்தபோது சிறகுத் தூவி மட்டும் முள்ளில் சிக்கியிருந்தது. அவள் அழவில்லை. மூடிய இலைகளையே பார்த்தாள்.

"அக்கா, காடைக்குஞ்சு ஓடி வந்திருந்தா இது மூடியிருக்குமா?"

"நான் வேணும்னு செய்யலம்மா. எனக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றது அக்கா.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. விரட்டி அடிக்கிறவங்களை எனக்குத் தெரியும். அவங்க பக்கம் பிள்ளையை அனுப்பவே மாட்டேன். உங்களை நம்பித்தானே அக்கா விட்டேன்?"

மழை வந்து ஏரி நிரம்பியதும் அவள் மிச்சமிருந்த குஞ்சோடு நடுத்தண்ணீருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு கரைப்பக்கம் வரவில்லை.

காடைக்குஞ்சு ஒன்று, "நான்தான் அக்கா" என்று இலையைத் தொட்டுப் பார்த்தது. அதற்கும் இலை மூடிக்கொண்டது. யார் தொட்டாலும் அக்காவுக்கு மைக்குட்டி வந்து உரசியதே நினைவுக்கு வந்தது. முகம் காட்ட முடியவில்லை.

அன்று முதல்தான் தொட்டாற்சிணுங்கி யார் விரல் பட்டாலும் இலையை மூடிக் குனிந்துகொள்கிறது. கூச்சம் என்று நாம் சிரிக்கிறோம். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல மறுபடி விரிக்கும், அடுத்த தடவையாவது மூடாமல் இருந்துவிட வேண்டும் என்று.