வெற்றிலை மெல்லாத பிரதிநிதி

முன்னொரு காலத்தில் கடற்கரையில் ஒரு ராஜா இருந்தார். கடலுக்கு நாலு நாள் வண்டித் தூரத்தில் ஒரு மலைநாடும் அவருக்கு இருந்தது. நாலு நாள் வண்டியில் குலுங்க எந்த ராஜாவுக்குப் பிடிக்கும்? தன் இடத்தில் உட்கார ஒரு பிரதிநிதியை அனுப்பிவிட்டார். அவர் பெயர் நன்னாகன்.

பிரதிநிதி என்றால் ஆளுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். மலைநாட்டின் ஏழு ஊர்க்காரர்களும் கூடி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுவது அவர்தான். ராஜாவின் கோலை அவர் கையில் கொடுப்பது பிரதிநிதியின் வேலை. அதற்கு முன் சபையைப் பார்த்து, "இன்னும் சொல்ல வேண்டியவர் உண்டா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை கேட்டதும் ஒரு வெற்றிலையை நிதானமாக மென்று முடிக்க வேண்டும். மலையேறி வருகிறவர்கள் மெதுவாக வந்து சேரட்டுமே என்றுதான் அந்த வழக்கம். மூன்று வெற்றிலையும் முடிந்து, ஊர்கள் பாதி பாதியாகப் பிரிந்து நின்றால், பிரதிநிதியே ஒருவரைச் சொல்லலாம்.

நன்னாகன் வந்து பத்து வருஷம் ஆயிற்று. எட்டு வயதில் விட்டு வந்த மகள் அல்லிக்கு இப்போது கல்யாணம். பௌர்ணமியன்று முகூர்த்தம். மறுநாளே புருஷனோடு கப்பலேறி அக்கரைச் சீமைக்குப் போகிறாள். "அப்பா, உங்கள் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. வந்துவிடுங்கள்" என்று ஓலை அனுப்பியிருந்தாள். அதைப் படித்த நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜா ஊர் திரும்ப அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் பாருங்கள், அந்த வாரம்தான் மலைநாட்டுத் தலைவர் கண்ணை மூடினார். தலைவர் இல்லாத நாட்டை விட்டுப் பிரதிநிதி கிளம்பக் கூடாது.

பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாள். சபை கூடியது. தலைவராக மூன்று ஊர் காரிக்கண்டனைச் சொன்னது, மூன்று ஊர் வேங்கையனைச் சொன்னது. ஏழாவது ஊரான ஓடைக்குடியிலிருந்து யாரும் வரவில்லை. ஆற்றில் வெள்ளம்.

"அவர்கள் எங்கே வரப் போகிறார்கள் ஐயா? வண்டி பூட்டி நிற்கிறது. கேட்டு முடியுங்கள்" என்றான் காரிக்கண்டன்.

நன்னாகன் கேட்டார். ஒரே மூச்சில் மூன்று முறையும் கேட்டார். வெற்றிலைத் தட்டின் பக்கம் அவர் கை போகவே இல்லை. கோலைக் காரிக்கண்டனிடம் நீட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

பாதி இறக்கத்தில் ஓடைக்குடிக்காரர்கள் எதிரே வந்தார்கள். உடம்பெல்லாம் ஈரம், காலெல்லாம் சேறு. அவர்களை அழைத்து வந்த மாயக்காள் வண்டியை மறித்து, "மூணு தடவையும் கேட்டாச்சா சாமி?" என்றாள்.

"கேட்டாச்சு."

"அப்ப நாங்கதான் சுணங்கிட்டோம். ராஜா இடத்துல இருக்கிறவங்க காத்திருந்துதான் இருப்பீங்க. தப்பு எங்களோடது" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

முதல் நாள் நன்னாகன் மகளை நினைத்துக்கொண்டே போனார். இரண்டாம் நாள் நினைக்க முயன்றார், மாயக்காள் கும்பிட்ட கைதான் முன்னால் வந்தது. மூன்றாம் நாள் மாலை உப்புக்காற்று முகத்தில் பட்டது. பத்து வருஷம் ஏங்கிய காற்று. மனுஷன் விம்மி விம்மி அழுதார். அப்புறம் வண்டிக்காரரிடம், "மாட்டைத் திருப்பப்பா" என்றார்.

சபையை மறுபடி கூட்டினார். "வழக்கத்தை நான் மீறினேன். ஓடைக்குடி சுணங்கவில்லை, நான்தான் அவசரப்பட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கோலைத் திரும்ப வாங்கினார். கேட்டார், மென்றார். கேட்டார், மென்றார். கேட்டார், மென்றார். அன்றைக்கு அல்லி கப்பலேறி இரண்டு நாள் ஆகியிருந்தது.

மாயக்காள் எழுந்தாள். "எங்க ஊரும் காரிக்கண்டனைத்தான் சொல்லுது" என்றாள்.

அட, இதற்காகவா திரும்பி வந்தார் என்று கேட்கிறீர்களா? சபையிலும் சிலர் அப்படித்தான் முணுமுணுத்தார்கள். ஆனால் முன்பு அந்தக் கோலைக் காரிக்கண்டனுக்குக் கொடுத்தது ஒரு தகப்பனின் அவசரம். இப்போது கொடுத்தது ஏழு ஊரும் கூடிய சபை. தோற்ற வேங்கையனே முதலில் வந்து அவனை வணங்கினான்.

நன்னாகன் வீடு போய்ச் சேர்ந்தார். மனைவி இலை போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்.

"கப்பல் மறையும் வரை அவள் கரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். வயதான ஆள் யார் ஓடி வந்தாலும், அதுதான் அப்பாவா என்று கையை ஆட்டினாள்."

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவர் இடத்தில் உட்காருகிறவன், தன் ஏக்கம் எவ்வளவு பெரிதானாலும், வந்துகொண்டிருப்பவர்களுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.