வெந்நீருக்குப் பத்தியம்

தென்கொரியாவில் ஒரு சிறிய நகரத்துப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துவந்தாள் நாகர்கோவில்காரி ஜெபமலர். பள்ளிக்கு எதிரே மூலிகை வைத்தியம் பார்க்கும் யாங் அம்மையாரிடம், ஓய்வு நேரத்தில் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதக் குளிரில் அவளுக்குத் தொண்டை கட்டியது. திங்கட்கிழமை குரல் சுத்தமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் மாதிரி வகுப்பு. அது நன்றாக நடந்தால்தான் அடுத்த ஆண்டும் வேலை.

அன்று மாலை வைத்தியர் யாங் அவள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார்.

"டீச்சர், இங்கே ஒரு சந்தையே நடக்கிறது. என்னென்ன சாப்பிட்டீர்கள்?"

ஜெபமலர் கிசுகிசுத்தாள். ஆஸ்பத்திரி மாத்திரை. பள்ளிச் சமையல்காரம்மா தந்த இஞ்சிச் சாறு. விளையாட்டு ஆசிரியர் வீட்டிலிருந்து தேன் விட்டு அவித்த பேரிக்காய். ஊரிலிருந்து அம்மா போனில் சொன்ன மிளகுப்பால்.

"கட்டைவிரலில் என்ன காயம்?"

"கணக்கு டீச்சர் ஊசியால் குத்தினார். கெட்ட ரத்தம் போகட்டும் என்று."

"அது அஜீரணத்துக்கு அல்லவா செய்வது?"

"நானும் கேட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றார்."

"வேண்டாம் என்றிருக்கலாமே."

"ஆசையாக நீட்டுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை."

"எங்கள் ஊரில் மட்டும் இருக்கிறதாக்கும்!" என்றார் யாங். கெட்டிலிலிருந்து ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்.

ஜெபமலர் குடித்துப் பார்த்தாள். "இது வெறும் வெந்நீர்."

"ஆமாம். ஆஸ்பத்திரி மாத்திரை இருக்கட்டும். மற்றதெல்லாம் நிறுத்துங்கள். வாயே திறக்காதீர்கள். யாராவது எதையாவது நீட்டினால், யாங் மருந்தோடு வேறெதுவும் சேராது என்று எழுதிக் காட்டுங்கள். எங்கள் மருந்துக்குப் பத்தியம் உண்டென்று இங்கே எல்லாருக்கும் தெரியும்."

'பொய் இல்லையா?' என்று காகிதத்தில் எழுதினாள் ஜெபமலர்.

"கொடுத்தது நான்தானே?"

மறுநாள் சமையல்காரம்மா அவள் எழுதியதைப் படித்தார். "யாங் மருந்தா? அப்படியானால் சரி" என்று இஞ்சிச் சாற்றைத் தானே குடித்துவிட்டுப் போனார். கணக்கு டீச்சர் ஊசியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் குரல் நூலிழை போலத் திரும்பியது. ஜெபமலர் யாங்கிடம் ஓடிவந்தாள்.

"டாக்டர், வந்துவிட்டது!"

"கத்தாதீர்கள்."

அவள் முகம் வாடியது. "துணைத் தலைமையாசிரியர் இன்று மாலை ஒத்திகை வைத்திருக்கிறார். முழு வகுப்பையும் நடத்திக் காட்ட வேண்டுமாம்."

"நடத்தினால் நாளைக்குக் குரல் இருக்காது."

"தெரியும். பத்தியம் என்று சொல்லிவிடவா?"

"ஒத்திகைக்குப் பத்தியமா?"

ஜெபமலரின் போன் ஒலித்தது. துணைத் தலைமையாசிரியர்தான். அவள் போனை வைத்தியரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர். நீங்கள் சொன்னால் கேட்பார்."

யாங் கையை நீட்டவில்லை.

"அவர் கேட்பது என் குரலையா?"

போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஜெபமலர் அதைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். "இன்று ஒத்திகை வேண்டாம், குரல் நாளைக்கு வேண்டும்" என்றாள் மெதுவாக.