நெய்க்குச் சாட்சி

காற்று வீசினால்தான் கப்பல் வரும் என்றிருந்த முன்னொரு காலத்தில், ஒரு துறைமுக நாட்டு மன்னருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தம் அரண்மனை நெய் கடல் கடந்தும் மணக்க வேண்டுமாம்! அரபு வணிகர்களோ, "ஹலால் என்று ஒருவர் பொறுப்பேற்று முத்திரை குத்தினால்தான் எங்கள் மக்கள் தொடுவார்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

மன்னர் தம் விகடகவி உதுமான் லெப்பையைப் பார்த்தார். "நாளை சபையில் நீரே முத்திரை குத்தும். ஒரு குடத்தில் பிழை இருந்தாலும் உமது தலை போகும். குத்த மறுத்தாலும் போகும்!"

"குடத்துக்குக் குடம் நானே சாட்சி நிற்கிறேன், மன்னா" என்று குழைந்தார் பண்டாரக் காப்பாளர் திருவம்பலம். லெப்பை வாயைத் திறந்தாலே மன்னர் சிரிப்பது அவருக்குப் பெரிய வயிற்றெரிச்சல். மன்னரும் அப்படியே ஆணையிட்டார்.

மறுநாள் சபைக்குப் போகிற வழியில் சமையல்காரர் பேச்சிமுத்து லெப்பையின் கையைப் பிடித்து இழுத்தார். "பாய், மோசம் போயிட்டோம்! காப்பாளர் ஒரு குடத்துல பன்னிக் கொழுப்பைக் கலந்து வச்சிருக்காரு. எந்தக் குடம்னு தெரியலையே! என் பேரைச் சொல்லிடாதீங்க, கொன்னே போட்ருவாரு."

லெப்பைக்கு இரண்டு பயம். தலை போவது ஒரு பயம். தன் வாய்ச்சொல்லை நம்பி அத்தனை பேர் மார்க்கம் விலக்கிய ஹராமைத் தின்பார்களே என்பது அதைவிடப் பெரிய பயம். 'யா அல்லா, நீதான் காப்பாத்தணும்' என்று முணுமுணுத்தபடியே சபைக்குள் நுழைந்தார்.

"மன்னா, காப்பாளர் குடத்துக்குக் குடம் சாட்சி என்பது தங்கள் ஆணை. நெய்யைப் பற்றிக் கண் என்ன சாட்சி சொல்லும்? நாக்கல்லவா சொல்ல வேண்டும்! அவருக்குச் சுடுசோறு போடச் சொல்லுங்கள்."

திருவம்பலம் பழுத்த சைவர். கருவாட்டு வாடை பட்டாலே தலைமுழுகுகிறவர். முதல் குடத்து நெய்யை ஊற்றியதும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். குடத்துக்கு ஒரு புது அகப்பையாக லெப்பை எடுத்து ஊற்ற ஊற்ற, மனுஷன் சளைக்கவே இல்லை. குடங்கள் குறையக் குறைய லெப்பையின் கண் மீதிக் குடங்களையே எண்ணியது. வஞ்சத்துக்காக அதையும் விழுங்கிவிட்டானோ? விழுங்கியிருந்தால் தன் கதை முடிந்தது!

கடைசிக்கு முந்தின குடத்தில் அகப்பையை விட்டார். திருவம்பலத்தின் கை இலையை மறைத்தது.

"போதும்... வயிறு நிறைந்துவிட்டது."

"அப்படியானால் அடுத்த குடத்துக்குப் போவோமா?" என்று அந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, புதியதைக் கையில் எடுத்தார் லெப்பை.

"ஓ, அதை ஊற்றும்!"

மன்னரின் புருவம் ஏறியது. "ஓகோ, அதற்கு மட்டும் வயிற்றில் இடமிருக்கிறதோ? முதலில் இதைச் சாப்பிடும்!"

"ஐயோ மன்னா, பன்றிக் கொழுப்பு!" என்று அலறிக் காலில் விழுந்தார் திருவம்பலம். "புத்தி கெட்டுப்போய் நான்தான் கலந்தேன்!"

மன்னர் விலா நோகச் சிரித்தார். அந்தக் குடத்தை அப்புறப்படுத்தச் சொன்னார், காப்பாளரைச் சிறைக்கு அனுப்பினார், பொன்னாடையை எடுத்து லெப்பையின் தோளில் போர்த்த வந்தார். லெப்பை ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"கொஞ்சம் பொறுங்கள், மன்னா. அதைப் போர்த்தக் கழுத்து இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்!"