மு என்றோர் எண்

முன்னொரு காலத்தில் என்று தொடங்க வழியில்லை. இது போன வருஷத்துக் கதை. கோவில்பட்டியில் ஒரு வீட்டுக் கரும்பலகையில் மு என்று ஓர் எண் குடியிருந்தது.

குடியிருந்தது என்பதுகூட கொஞ்சம் அதிகப்படிதான். அந்த வீட்டுக்காரி மரியபுஷ்பம், பெண்கள் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை, ஏழு வருஷத்துக்கு முன்னால் பலகையின் உச்சியில் முதல் வரி எழுதினாள்: "இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் கட்டுப்படும் முழு எண் ஒன்று இருப்பதாக எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் மு." அவ்வளவுதான் பிறந்த கதை. அவள் எடுத்துக்கொண்டாள், இது வந்து உட்கார்ந்துவிட்டது.

அன்று பிடித்தது அவளுக்கு மு பைத்தியம். சோறு வடிக்கும்போதும் மு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போதும் மு. வரிக்கு வரி அதற்கு ஒரு நகை பூட்டினாள். மு நூறைவிடப் பெரியது என்றது ஐந்தாம் வரி. மூன்றால் வகுபடும் என்றது ஒன்பதாம் வரி. இரண்டால் வகுபடும் என்றது பதினான்காம் வரி. மு-வுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி அடுக்கடுக்காகப் புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

வரிக்கும் வரிக்கும் நடுவில் தர்க்கம் நின்றது, டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி. "முந்தின வரியிலேருந்துதானே வர்றே? சீட்டைக் காட்டு. சரி, ஏறு." ஏழு வருஷத்தில் ஒரு பொய்ச்சீட்டைக்கூட அது உள்ளே விட்டதில்லை. அந்த விஷயத்தில் படு கறார்.

முப்பத்தெட்டு வரி சேர்ந்தபோது மரியபுஷ்பத்துக்கு மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை கணித மாநாடு. பெரிய தலைகள் எல்லாம் வருவார்கள். அவள் தன் கட்டுரைக்கு 'மு-வின் பண்புகள்' என்று தலைப்பு வைத்தாள்.

அவள் கணவர் சூசைமிக்கேல் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர். சாப்பிட உட்கார்ந்தவர் பலகையைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன புஷ்பம், உன் ஆளு என்ன சொல்லுதாரு?"

"நல்லாருக்காருங்க. மதுரையில அவரைப் பத்தித்தான் பேசப் போறேன்."

"பேசு, பேசு. கையில ஒண்ணு கொண்டு போறியா?"

"எதைங்க?"

"மு-வைத்தான். நூத்துக்கு மேலன்னியே, நூத்தி எத்தனை? எங்க கடையில சாம்பிள் காட்டாம ஒரு கர்சீப் விக்க முடியாது தாயி."

"போங்க. கணக்குல அப்படிக் கேக்கக் கூடாது. இருக்குன்னு எடுத்துக்கிட்டு மேல போய்க்கிட்டே இருப்போம்."

இருவரும் சிரித்தார்கள். பலகையில் இருந்த மு-வுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் எத்தனை என்று யோசித்தது. நூற்றியெட்டா? இல்லை. ஆயிரத்து இரண்டா? அதுவும் இல்லை. பாவம், அது எவ்வளவு முட்டினாலும் விடை வரவில்லை.

அது தர்க்கத்தைக் கூப்பிட்டது.

"அண்ணே, ஒரு சந்தேகம். பதினாலாவது வரி, நான் ரெண்டால வகுபடுவேன்னு சொல்லுது. சரியா?"

"சரி."

"போன வாரம் எழுதின முப்பத்தெட்டாவது வரி, என்கூட ஒண்ணைக் கூட்டினா, அது ரெண்டால வகுபடும்னு சொல்லுது."

"அதுவும் சரிதான்."

"எப்படிண்ணே? பக்கத்துப் பக்கத்து எண் ரெண்டும் எப்படி ரெட்டையாகும்? ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட ஒத்துக்காதே."

"இருக்கிற எண்ணுன்னா ஆகாது," என்றது தர்க்கம், நகத்தைப் பார்த்துக்கொண்டே. "இல்லாத எண்ணுக்கு எதுவும் ஆகும்."



"அப்ப நான் இல்லையா? இது உமக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாது, நான் கேக்கவும் இல்ல. சித்திரம் கோணாம இருக்கான்னு பாக்கிறதுதான் என் வேலை. சுவர் இருக்கான்னு பாக்கிறது என் வேலையில சேராது. முதல் வரியில அவ எடுத்துக்கிட்டா. எடுத்துக்கிட்டதை நான் தட்டிக் கேட்டா ஒரு கணக்கும் ஓடாது தம்பி."

மு டஸ்டரிடம் போய் அழுதது. டஸ்டருக்கு இளகின மனசு. அந்த வீட்டில் மு-வை அதிகம் தொட்டதும் அதுதான்.

"இது அவளுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று மு கேட்டது.

"என்னாலதான்," என்றது டஸ்டர். "அவளுக்கு வகுப்பறைப் பழக்கம். வலப்பக்கம் எழுதப் போகுமுன்னே இடப்பக்கத்தைத் துடைச்சிடுவா. பழைய வரியைப் பாத்துக்கிட்டு நின்னா பிள்ளைங்களுக்குப் புது வரி ஏறாதாம். பதினாலும் முப்பத்தெட்டும் ஒருநாளும் மூஞ்சியைப் பாத்துக்கிட்டதில்ல."

"இப்ப நான் என்ன செய்ய?"

"சும்மா இரு. நாளைக்கு அவ மதுரைப் பேச்சை ஒருதரம் எழுதிப் பாப்பா. நான் வழக்கம்போலத் துடைச்சிடுறேன். அங்க வர்றவங்களும் துடைச்சுத் துடைச்சு எழுதுறவங்கதான், யாரு கண்ணுலயும் படாது. அச்சுல ஏறிட்டேன்னா நீ நூறு வருஷம் இருப்பே."

மு-வுக்கு ஆசை இல்லாமல் இல்லை. யாருக்குத்தான் இல்லாமல் போகப் பிடிக்கும்? ஆனால் காய்ச்சலோடு நின்று இருபத்திரண்டாம் வரியை எழுதிய மரியபுஷ்பத்தை அது நினைத்துக்கொண்டது. மதுரையில் எவனோ ஒருவன் கையைத் தூக்கி, அத்தனை பேர் நடுவில் அவளிடம், மு தர்க்கத்திடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்பான். யாரும் கேட்காவிட்டால் இன்னும் மோசம். மிச்ச ஆயுளையும் அவள் இந்த மு-வின் மேலேயே கொட்டிவிடுவாள்.

"துடைக்காதே," என்றது மு. "எனக்காக ஒருதரம் எங்கேயாவது விழுந்து தொலை."

"நீ போயிருவியேடா."

"இருந்தாத்தானே போறதுக்கு."

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் மரியபுஷ்பம் சாக்பீஸை எடுத்தாள். இடப்பக்கம் இருபது வரி எழுதிவிட்டுப் பின்னால் பார்க்காமலே டஸ்டருக்குக் கை நீட்டினாள். டஸ்டர் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. 'சரி, பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று அப்படியே வலப்பக்கம் போனாள். முப்பத்தெட்டாம் வரி முடிந்தது. இரண்டடி பின்னால் வந்து மொத்தத்தையும் பார்த்தாள்.

பதினாலு இந்தப் பக்கம். முப்பத்தெட்டு அந்தப் பக்கம்.

சாக்பீஸ் கையிலேயே நின்றது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகச் சோதித்தாள். ஒரு வரியிலும் பிசகில்லை. மறுபடி சோதித்தாள். எல்லா வரியும் சரியாக இருந்ததால் மிச்சம் இருந்தது முதல் வரி ஒன்றுதான்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "மு இல்லங்க."

"எங்க போயிட்டாரு?" என்று சிரித்துக்கொண்டே வந்த சூசைமிக்கேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இருந்ததே இல்லங்க. ஏழு வருஷமா இல்லாத ஒண்ணுக்குத்தான் நான் நகை செஞ்சு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். நல்ல மனுஷன், சாம்பிள் பேச்சை எடுக்கவே இல்லை.

வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி எழுதினாள்: "ஆகவே, அப்படி ஓர் எண் இல்லை."

தர்க்கம் சீட்டை வாங்கிப் பார்த்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. முப்பத்தெட்டு வரியும் வீண்போகவில்லை. அத்தனையும் இந்த ஒரு வரிக்குச் சாட்சியாக நின்றன. "இதுதான் முழு நிரூபணம். ஏறு," என்றது. மு அந்தக் கடைசி வரியை ஒருதரம் வாசித்தது. தனக்கு அவள் எழுதியதிலேயே இதுதான் நல்ல கையெழுத்து என்று நினைத்தது. அதன் பிறகு அது எதையும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதுரையில் மரியபுஷ்பம் 'மு-வின் இன்மை' என்று பேசினாள். கேட்டவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ரொம்ப அருமை அம்மா. ஆனா, இருக்குன்னு நம்பித்தானே ஏழு வருஷம் எழுதியிருக்கீங்க. இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அதுவேதான் சொல்லுச்சு சார்," என்றாள் மரியபுஷ்பம்.

தர்க்கம் அங்கேயும் நின்றுகொண்டுதான் இருந்தது. அவள் சொன்ன அந்த ஒரு வரியிடம் மட்டும் அது சீட்டுக் கேட்கவில்லை.