பவளத்துக்கு முகம் வந்த கதை

“டீச்சர், முகம் வந்ததும் கதை செத்துப்போச்சு” என்றார் அருளப்பன்.

சாருமதி டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். கணினி விளையாட்டுக்குக் கதை எழுதச் சொல்லித்தருபவர் என்பதால் எல்லாருக்கும் டீச்சர்தான்.

“உக்காருங்க. யாரோட முகம்?”

“பவளத்தோட முகம்.”

அருளப்பன் செய்துகொண்டிருந்தது ஒரு விஷுவல் நாவல். திரையில் ஆள் நிற்கும். கீழே கட்டத்தில் எழுத்து வரும். தட்டத் தட்டக் கதை நகரும். அதில் பவளம் என்றொருத்தி வீட்டைவிட்டுக் கிளம்பும் காட்சி. ஒன்றரை வருஷமாக அவள் இடத்தில் வெறும் சாம்பல் நிற நிழல்தான் நின்றது, படம் வரும்வரைக்கும் என்று. அந்த நிழலைப் பார்த்தே, விளையாடிப் பார்த்தவர்கள் அழுதார்கள்.

பிறகு, ஆட்டத்துக்கு ஓவியம் வரையும் ஷாஹிதா பவளத்தின் படத்தை வரைந்து கொடுத்தாள். ஒருவரும் அழவில்லை. “நல்லாருக்கு” என்றார்கள்.

அருளப்பன் திருப்பி அனுப்பினார். மறுபடி வரைந்தாள். மறுபடி திருப்பி அனுப்பினார்.

“ஆறு தடவை ஆச்சு டீச்சர். ‘அண்ணே, ஏழாவது வரையமாட்டேன், வேற ஆளைப் பாத்துக்கங்க’ன்னு காலையில சொல்லிட்டா. அவ போனா என் ஆட்டம் அவ்வளவுதான். இன்னும் முப்பது காட்சி அவதான் வரையணும்.”

“பவளத்தைக் காட்டுங்க.”

மடிக்கணினியைத் திறந்து வைத்தார்.

டீச்சர் திரையில் இருந்த முகத்தை ஒரு நோட்டால் மறைத்தார். “படிங்க.”

“அவள் கண்ணில் நீர் முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பையின் வாரை இறுகப் பிடித்தாள். ‘போயிட்டு வரேன்ப்பா.’”

அருளப்பனுக்குக் குரல் கம்மியது.

நோட்டு கீழே இறங்கி எழுத்தை மறைத்தது. “இப்ப பாருங்க.”

கண்ணில் நீர் முட்டி நின்றது. உதடு பல்லுக்குள் இருந்தது. பைவாரைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“படத்துல என்ன குறை?”

“...ஒண்ணுமில்ல.”

டீச்சர் நோட்டை எடுத்துவிட்டார். முகமும் எழுத்தும் சேர்ந்து தெரிந்தன. அருளப்பன் பார்த்தார், படித்தார். கண் கலங்கவில்லை.

“அந்தச் சாம்பல் நிழலை எடுத்துட்டீங்களா?”

“எப்பவோ எடுத்தாச்சு. ஃபோல்டர்லகூட கிடையாது.”

“பாதியைத்தான் எடுத்திருக்கீங்க.”

டீச்சரின் விரல் எழுத்துக் கட்டத்துக்குப் போனது. முதல் வரியில் ஓடியது. இரண்டாவதில். மூன்றாவதில். அங்கேயே நின்றுகொண்டது.

“ஐயோ, அந்த மூணு வரிக்குத்தானே எல்லாரும் அழுதாங்க!”

“அப்போ அவளுக்கு முகம் இல்ல.”

அருளப்பன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு முதல் வரியை அழித்தார். இரண்டாவதை அழித்தார். மூன்றாவதற்கு வந்ததும், ‘இது ஒண்ணாவது’ என்பதுபோல் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

அதுவும் போயிற்று.

“போயிட்டு வரேன்ப்பா” மட்டும் மிஞ்சியது.

ஆறாவது படத்தோடு ஓடவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஒரு சந்தேகம் தட்டியது. ஐந்தாவதை வைத்துப் பார்த்தார். மூன்றாவதை. முதலாவதை.

போனை எடுத்தார்.

“ஷாஹிதா, படம் சரியா இருக்கும்மா.”

“எந்தப் படம்?”

“ஆறுமே.”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஒன்றரை மாதமாக அவர் கேட்காத சிரிப்பு.

“நாளைக்கு அங்க வரேன்ணே. இருக்கு உங்களுக்கு!”