கூட்டத்துக்குப் போன நாற்காலி

ஓர் ஊரில் ஒரு தேவாலயம். அதற்கு நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் 'கிறிஸ்து நேச ஆலயம்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். கல்யாணமோ சாவோ, தெருவில் யார் கேட்டாலும் சும்மா கொடுத்தனுப்புவது அந்தச் சபையின் வழக்கம்.

அன்று கேட்டு வந்தவர்கள் பகுத்தறிவு மன்றத்தார். மாலையில் அவர்களுக்குக் கடவுள் மறுப்புக் கூட்டம். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தவசிமுத்து ஒரு கணம் தலையைச் சொறிந்தார். "எடுத்துட்டுப் போங்கய்யா. மழை வந்தா மட்டும் உள்ள தூக்கி வச்சிருங்க" என்று சொல்லிவிட்டார்.

கால் சற்றே வளைந்த நீல நாற்காலி ஒன்று தயங்கியது. "நான் போகலாமா?" என்று பிரசங்க பீடத்திடம் கேட்டது.

"போ. ஆனால் சாட்சியாய் நில். ஆண்டவரை இகழ்கிறவனைத் தாங்காதே" என்றது பீடம்.

பக்கத்திலிருந்த ஆலய ஒலிபெருக்கிக்குச் சும்மா இருக்க முடியுமா? "அட, அவர் பேச்சை விடு. முதுகுல இருக்கிற பேரைச் சுரண்டிட்டுப் போ. காலம் மாறிப்போச்சு. பேரு இல்லேன்னா ஒருத்தரும் முகம் சுளிக்க மாட்டாங்க."

நாற்காலி பீடத்தையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தது. "பேரைச் சுரண்டிட்டா நான் யாரு? தாங்காட்டா நான் என்ன நாற்காலி?"

அதற்குள் வண்டி வந்துவிட்டது.

மேடையில் நீல நாற்காலிக்கு வாய்த்தவர் பேச்சாளர் செங்குட்டுவன். ஒரு மணி நேரம் நின்றபடியே கடவுளை வறுத்தெடுத்தார். நாற்காலிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வளைந்த காலை இன்னும் கொஞ்சம் அகட்டினால் போதும், மனிதர் மல்லாந்து விழுவார். ஊரே பார்க்கும். அதுதான் சாட்சியோ? மெல்லக் காலை அகட்டியது.

பேச்சை முடித்தவர் ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்னால் துழாவினார். அந்தக் கை நாற்காலியின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டது. நாற்காலிக்கு ஒன்றுமே புரியவில்லை. கடைசி நொடியில் காலை இழுத்து ஊன்றிக்கொண்டது.

"அப்பாடா, இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்றார் அவர்.

"அண்ணே, அது சர்ச்சு சேருண்ணே" என்று சிரித்தான் ஒரு தொண்டன்.

"தெரியும்யா. வரும்போதே படிச்சேன்." கூட்டம் கலையும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பீடம் கேட்டது: "சாட்சி சொன்னாயா?"

"தெரியலை. அவர் கடவுள் இல்லைன்னு சொன்னார். நான் அவரை விழாம பார்த்துக்கிட்டேன். சரியா தப்பான்னு இன்னும் குழப்பமாத்தான் இருக்கு."

பீடம் தணிந்த குரலில், "ரொம்பக் கனமா இருந்தாரா?" என்று கேட்டது.

பீடத்தின்மேல் நின்று பேசியவர்கள் ஏராளம். களைத்துப்போய் உட்கார்ந்தவர் ஒருவருமில்லை.